பன்னிரண்டு பிட்

எபனேசர் கொண்டுவந்த பலகை
மீன் வாங்கும் பையில் இருந்தது.
உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்து,
சிப்பின் கால்களில் இரண்டு உதிர்ந்து.
"உசுரு போறதுக்குள்ள உள்ள இருந்தத வழிச்சு எடுத்துட்டேன்."
பென்டிரைவை என் மேசையில் வைத்தான்.
அறுபத்து நாலு கேபி.
"அன்னைக்கு ராத்திரி இது ஏன் கத்தல?
அது மட்டும் தெரியணும்."

முதுநகர் ரயில்வே கேட்டை ஒட்டிய மாடி.
சரக்கு வண்டி போகும்போது
மானிட்டர் லேசாகத் தலையாட்டும்.

முதலில் நினைவகம்.
இங்கிருந்து இதுவரை என்று எழுதினேன்,
இடம் வந்துவிட்டது.
பட்டா வேண்டாம், சர்வேயர் வேண்டாம்,
பக்கத்து நிலத்துக்காரன் மட்டும்
ஒரே விலாசத்தில் உட்காராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.
பிறகு மூளை. டைமர். சீரியல் போர்ட்.
ஒவ்வொன்றையும் பிறப்பிக்கவேண்டும்,
அதன்பின் மெய்யாக்கவேண்டும்.
வரிசை தப்பினேன். எமுலேட்டர் ஒரே வரியில் திட்டியது:
கடிகாரம் இணைக்கப்படவில்லை.

எட்டு மெகாஹெர்ட்ஸ் என்று இணைத்தேன்.

பூஜ்யத்தாவது விலாசத்தைப் படித்து
அது கண் விழித்தது.
விழித்ததும் ஒரு ரிஜிஸ்டரிடம் போய்க் கேட்டது:
தயாரா?
அங்கே நான் எதையும் கட்டியிருக்கவில்லை.
தயாரா?
லேப்டாப் விசிறி இரைந்தது.
தயாரா தயாரா தயாரா,
நொடிக்குப் பல லட்சம் தடவை,
கோபமே இல்லாமல்.
நான் எழுந்து போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.
அப்போதும் அதே இடத்தில் நின்றது.

யார் கேட்டாலும் ஆமாம் சொல் என்று
ஒரு பிட்டை ஒன்றாக்கினேன்.
அது நம்பிவிட்டது.
அடுத்த கதவு. அங்கும் ஒரு பொய்.
பதினொரு பொய்க்குப் பிறகு
கறுப்புத் திரையில் முதல் வரி வந்தது:

காற்று: 0. இயல்பு.

ஜன்னலில் தெற்கத்திக் காற்று.
அழுகின பலாச்சுளையை நெயில்பாலிஷில் நனைத்த வாடை,
இந்த ஊரில் அதற்குத் தனியாகப் பேர் கிடையாது,
"வந்துடுச்சு" என்பார்கள்,
அவ்வளவுதான்.
எழுந்து சாத்தினேன்.

காற்று: 0. இயல்பு.
காற்று: 0. இயல்பு.

அதன்மேல் குற்றமில்லை. மூக்கை நான்தான் செய்யவில்லை.
அளந்து முடிந்தது என்று சொல்லக் கற்றுக்கொடுத்தேன்,
அளவை எழுத மறந்துபோனேன்.

ஆகவே மூக்கு.
நூறு கொடுத்தேன். இயல்பு.
ஆயிரம். இயல்பு.
அன்றைக்கு எபனேசர் தெருவில்
பிள்ளைகள் பாயிலேயே வாந்தியெடுத்தார்கள்.
அன்று எவ்வளவு இருந்தது என்று
யாரிடம் கேட்பது?
அளக்க வேண்டியது இந்தப் பலகைதானே.
மூவாயிரம். நாலாயிரம்.
நாலாயிரத்துத் தொண்ணூற்றைந்து:
பன்னிரண்டு பிட்டும் எரிகிற எண்,
இந்த மூக்கால் அதற்குமேல் முகரவே முடியாது.

இயல்பு.

ஒப்பிடுகிற கட்டளையைத் தேடிப் போனேன்.
இரண்டு மணிக்கு அகப்பட்டது.
எல்லை: நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு.

கை தவறியதா,
கத்தாத ஒன்றுதான் வேண்டுமென்று கேட்டார்களா?
அறுபத்து நாலு கேபியில் அதற்கு இடமில்லை.

எபனேசருக்குப் போன் எடுத்தேன், வைத்துவிட்டேன்.
ஐஸ் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் அவனுக்கு,
இரைச்சலில் கேட்காது.

வெறும் ஆசைக்கு,
எந்தப் பலகையிலும் இல்லாத பதின்மூன்றாவது பிட்டை
என் பொய் மூக்கில் ஒட்டினேன்.
ஒன்று கூட்டினேன்.

சைரனை நான் கட்டியிருக்கவில்லை.
கட்டாத இடங்களுக்கென வைத்திருந்த பதிவேட்டில்
ஒரு வரி விழுந்தது:

ஐந்தாம் கால்: 1